மூன்றாவது வரிசையில் இல்லாத புள்ளி

நமது சங்கத்து மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் செய்த சாதனைகளை எழுதுவேன் என்று அவர்கள் நம்பியிருக்கக்கூடும். சாதனை செய்கிறவன் திண்டுக்கல்லில் முப்பது வருடம் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்க மாட்டான். அதனால் நான் கெடுத்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதுதான் உதவும். ஒழுங்காகச் செய்த வேலைகளில் இருந்து நான் கற்றது என்று எதுவும் ஞாபகத்தில் இல்லை.

நீங்கள் படம் வரவில்லை என்றால் ஒயரை மாற்றுவீர்கள். அப்படியும் வரவில்லை என்றால் டிவியையே மாற்றச் சொல்வீர்கள். எங்கள் காலத்தில் வாடிக்கையாளர் வந்து நோயைச் சொல்லுவார். "படத்துல கொசு பறக்குது" என்றால் சிக்னல் போதவில்லை. "எறும்பு ஓடுது" என்றால் பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிறது. "ஒரு நியூஸ் வாசிக்கிற பொம்பள ரெண்டா தெரியுது" என்றால் அலை மலையில் மோதித் திரும்பி வருகிறது. சிறுமலையை நகர்த்தி வைக்க முடியாது என்பதால் ஆன்டெனாவைக் கால் சுற்று திருப்பிவிட்டு, "இப்பப் பாருங்க" என்பேன். பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொன்னதை நானும் நம்பிவிடுவேன். என் சீக்கு அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர் நாகல் நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். போர்டில் 'இன்டர்நேஷனல்' என்று இருந்தது. உள்ளே அறை ஒன்றரை. நடத்தியவர் அதற்கு முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார், அதற்கும் முன் பூட்டு வியாபாரம். இப்போது எல்லோரும் தன்னை டைரக்டர் என்று கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்த்தார். கூப்பிட்டோம். அவருடைய மச்சான் சிங்கப்பூரில் இருந்து மூன்று கம்ப்யூட்டர்களை அனுப்பியிருந்தார். அங்கே வீட்டுக்கு வீடு வைத்திருந்து, பழையது என்று தூக்கிப் போட்ட சாதனங்கள் அவை. பார்த்தால் வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும், கம்ப்யூட்டரே அதற்குள்தான். புரோகிராமைப் பாட்டு கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். தனியாகத் திரை கிடையாது, வீட்டு டிவியின் ஆன்டெனா ஓட்டையில் சொருகிக்கொள்ள வேண்டியதுதான்.

டைரக்டர் சொருகிப் பார்த்தார், படம் சரியில்லை. கம்ப்யூட்டர் மேசைக்கு மேல் எலுமிச்சம்பழம் கட்டினார். ஆயுத பூசையில் ஒவ்வொரு எழுத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். அதற்குப் பிறகு சில எழுத்துகள் அழுந்தவே இல்லை. கடைசியில் தெருவுக்குக் கேபிள் கொடுக்கிற ஆளைக் கூட்டி வந்து, மூன்று கம்ப்யூட்டர்களையும் கேபிள் ஒயரோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டரில் இருப்பது அதே ஒயர் வழியாக வெளியேயும் போகும் என்று அவர்களில் யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் எதிர் வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார்.

"ஏன் சார், எங்க வீட்டு டிவியில நாடகம் நடக்கையில நடுவுல 'ரெடி'ன்னு எழுத்து வருது. பக்கத்து வீட்லயும் வருதாம். என்னத்துக்கு ரெடியாகச் சொல்றீங்க?"

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த சென்டரில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் ஒரே ஒருத்தி. சின்னாளப்பட்டிப் பெண், பெயர் புஷ்பவல்லி, இருபத்து நாலு வயது இருக்கும். வீட்டில் அம்மாவும் அத்தையும் சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள். துணியில் ஒவ்வொரு புள்ளிக்கும் நூலால் ஒரு முடிச்சு. அப்படியே சாயத்தில் தோய்த்து, காயவைத்து, அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். புஷ்பவல்லி அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தாள். எத்தனை வரிசை, எவ்வளவு இடைவெளி என்று கொடுத்தால் முந்தானை டிசைன் திரையில் வரும். அவளாகவே புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. டைரக்டருக்கு அது என்னவென்று புரியவில்லை, ஆனால் யாரிடமாவது காட்ட வேண்டிய பொருள் என்பது மட்டும் புரிந்திருந்தது.

பழனியில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி இருந்தார். சின்னாளப்பட்டியில் நிறையப் புடவை எடுப்பவர். அவர் தன் டிசைன்களை எல்லாம் சென்டரில் போட்டுத்தரச் சொன்னால் புஷ்பவல்லிக்கு அங்கே நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு டைரக்டரின் சகலை மகன் காத்திருந்தான். அவள் அப்பாவோ வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் அவளை வேலைக்குச் சேர்க்கப் பேசி முடித்துவிட்டார். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க வேண்டும், மாதம் ஒரு நாள் வீட்டுக்கு வரலாம். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது முதல் நாளே. "நல்லாத் தெரியிற மாதிரி செஞ்சு குடுங்கண்ணே. அம்புட்டுத்தான் கேக்குறேன்" என்றாள்.

நான் போய்க் கேபிள் முடிச்சை அவிழ்த்தேன். எதிர் வீட்டு நாடகம் பிழைத்தது. ஆனாலும் டிவியில் கொசு போகவில்லை, படம் அலை அலையாக ஆடியது. காரணம் எளிது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் படம் சுத்தமாகத்தான் பிறக்கிறது. ஆனால் ஆன்டெனா ஓட்டைக்குள் போக வேண்டும் என்பதற்காக அதை ஒரு டிவி ஸ்டேஷன் மாதிரி மாற்றி அனுப்ப உள்ளே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. டிவி அதை வாங்கி மறுபடியும் படமாக மாற்றும். சிறுமலை வாழைத்தாரை பஸ் கூரையில் போட்டு மலைப்பாதையில் இறக்குவது போலத்தான், வந்து சேரும்போது பழத்தில் அடி இருக்கும்.

அன்று இதெல்லாம் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கொசு. கொசுவை அடிக்க என்னிடம் ஒரு வைத்தியம் இருந்தது. டிவிக்குள் படம் போகிற வழியில் ஒரு சின்னக் கண்டன்சரை ஈயத்தால் சால்டர் வைத்துவிட்டால் கரகரப்பு அடங்கி, படம் வெண்ணெய் தடவினாற்போல ஆகிவிடும். வீடு வீடாக நான் பேர் வாங்கிய வைத்தியம். அதையே செய்தேன். திரை வழுவழுவென்று ஆனது. டைரக்டர் கைகுலுக்கினார். "ஃபாரின் படம் மாதிரி இருக்கு மெக்கானிக்" என்றார்.

புஷ்பவல்லி திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பிறகு தள்ளி நின்று பார்த்தாள்.

"அண்ணே, புள்ளி எங்கண்ணே?"

"எல்லாம் இருக்கே. சூப்பரா இருக்கு பாரும்மா" என்றேன்.

"வரிசைதான் தெரியுது. புள்ளி தனித்தனியாத் தெரியலையே."

"செத்த நேரம் பாரு, கண்ணு பழகிரும்."

இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் கண் பழகிவிடும் என்று சொல்கிற மெக்கானிக் தன் வேலையை முடிக்கவில்லை. அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஆயிரம் டிவி பார்த்த அண்ணன் சொல்லும்போது தன் கண்தான் தப்பு என்று நினைத்திருப்பாள்.

அடுத்த வாரம் வியாபாரி தன் கணக்கப்பிள்ளையை அனுப்பினார். அவர் ஒரு காபி குடித்தார், திரையைப் பார்த்தார், போய்விட்டார். அவர் பழனியில் போய்ச் சொன்னது டெலிபோன் வழியாக டைரக்டருக்கு வந்து சேர்ந்தது. "சுங்குடி காட்டுறோம்னு கூப்பிட்டுட்டு லுங்கிக்குக் கோடு காட்டுறாங்க" என்றாராம். புள்ளிகள் எல்லாம் பக்கத்துப் புள்ளியோடு கலந்து கோடாகியிருந்தன. கலக்கியது என் கண்டன்சர். கரகரப்பும் சரி, புள்ளியும் சரி, அதற்கு இரண்டும் ஒன்றுதான்; சின்னதாக, கூர்மையாக இருக்கிற எதையும் அது மழுப்பிவிடும்.

டைரக்டர் மறுபடி போன் போட்டுக் கெஞ்சியதில், வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போகிற வழியில் தானே வந்து கால் மணி நேரம் பார்ப்பதாக வியாபாரி ஒப்புக்கொண்டார். புஷ்பவல்லியின் அப்பா திங்கட்கிழமை மில்லுக்குக் கூட்டிப்போக நாள் பார்த்துவிட்டார். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் கையால் ஒரு பெண்ணின் வேலை போகிறது என்பது முதல் காரணம். என் வைத்தியத்துக்குப் பேர் கெடுகிறது என்பது இரண்டாவது. வரிசை மாறாமல்தான் எழுதியிருக்கிறேன் என்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கே போய்க் கண்டன்சரைப் பிடுங்கினேன். கொசு திரும்பி வந்தது. இப்போது திரையில் எது புள்ளி, எது கொசு என்று தெரியவில்லை. சரி, தகரப் பெட்டியே வேண்டாம், கம்ப்யூட்டருக்குள் படம் பிறக்கிற இடத்தில் ஒயரைப் பிடித்து நேராக டிவியின் வயிற்றில் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். அந்த டிவியில் வீடியோவுக்குத் தனி ஓட்டை கிடையாது. பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சைப் போட்டு, பழக்கதோஷத்தில் டெஸ்டரை உள்ளே இருந்த தகரச் சட்டத்தில் வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது. அந்தக் காலத்து டிவி பலவற்றில் சட்டத்திலேயே கரண்ட் இருக்கும். ஆன்டெனா ஓட்டை மட்டும் அதில் இருந்து பிரித்து வைத்த பத்திரமான வழி. அந்த வழியை விட்டுவிட்டு நேராக ஒயரைக் கொடுத்தால் டிவியில் இருக்கிற கரண்ட் கம்ப்யூட்டருக்கு வரும். கம்ப்யூட்டர் என்பது கீபோர்டு. கீபோர்டில் விரல் வைக்கப்போவது புஷ்பவல்லி.

"பிளக்கை மாத்திச் சொருகுனா சரியாயிரும்ல?" என்றார் டைரக்டர்.

"இந்த டிவியில எப்புடிச் சொருகுனாலும் ஷாக் இருக்கும் சார்."

"கால் மணி நேரந்தான மெக்கானிக். அவரு பாத்துட்டுப் போயிருவாரு."

"ஷாக்குக்குக் கால் மணி நேரமெல்லாம் வேண்டாம்."

புஷ்பவல்லி தன் காலைப் பார்த்தாள். "அண்ணே, நான் ரப்பர் செருப்புப் போட்டுக்கிறேன். பலகை மேல உக்காந்துக்கிறேன். ஒரு தடவைதானே?"

அவள் அதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் கோபப்பட்டேன். "நீ கேட்டது நல்லாத் தெரியிற படம். அதுக்காக உன்னை நான் பலி குடுக்க முடியாது, போய் அந்தப் பக்கம் உக்காரு" என்று கத்திவிட்டு டிவியை மூடினேன். நேரம் பத்தரை. வியாபாரி பன்னிரண்டுக்கு வருவார். அந்த நேரத்தில் கைவசம் ஒன்றும் இல்லாமல் வேண்டாம் என்று சொல்வதுதான் நம் தொழிலில் கஷ்டமான வேலை. நான் அதை ஒரு தரம் செய்திருக்கிறேன். ஒரு தரமாவது நீங்களும் செய்ய நேரும்.

ஆட்டோவில் பாதித் தூரம் போன பிறகுதான் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் ஊரின் இன்னொரு கோடியில் இருந்தார். அவரிடம் மிக்சிங் செய்யச் சின்ன மானிட்டர் ஒன்று உண்டு. அதில் வீடியோவுக்கென்றே ஓட்டை இருக்கும், தகரப் பெட்டி வேண்டாம், சட்டத்திலும் கரண்ட் இருக்காது. போனபோது அவர் அந்த மானிட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒரு கல்யாணம் ஓடிக்கிட்டிருக்கு. தாலி கட்டுற எடத்துல நிக்குது. இப்ப வந்து கேக்குறீங்களே."

"கட்டுன தாலி எங்கயும் போகாதுப்பா. சாயங்காலம் கொண்டாந்து தாரேன்."

"பொட்டிய மட்டும் அனுப்ப மாட்டேன். நானும் வாரேன்" என்று மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். மாப்பிள்ளை கையில் தாலியோடு கேசட்டுக்குள் காத்திருந்தார்.

பதினொன்றே காலுக்கு ஒயரைக் கொடுத்தாயிற்று. டெஸ்டரை எங்கே வைத்தாலும் எரியவில்லை. கொசு இல்லை, ஆட்டம் இல்லை. ஆனால் புள்ளிகளின் ஓரத்தில் பச்சையும் சிவப்புமாக எதுவோ ஊர்ந்துகொண்டிருந்தது. கலரும் வடிவமும் ஒரே ஒயரில் நெருக்கிக்கொண்டு வருவதால் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கிறது. நான் கலர் திருகைப் பிடித்து முழுதாகக் குறைத்தேன். திரை கறுப்பு வெள்ளையானது. அந்த நொடியில் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனியாக, ஊசியால் குத்தியது போல நின்றன. புஷ்பவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னய்யா, இழவு வீடு மாதிரி ஆக்கிட்ட. நோட்டீசுல கலர் கம்ப்யூட்டர்னு போட்டிருக்கேன். புடவை விக்கிறவருக்குக் கறுப்பு வெள்ளையா காட்டுறது?" என்று சொல்லிக்கொண்டே திருகை ஏற்றினார். நான் குறைத்தேன். அவர் ஏற்றினார். வாசலில் கார் வந்து நின்றபோது திருகு என் கையில் இருந்தது. அது என் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன்.

வியாபாரி பெரிய உருவம், சின்னப் பேச்சு. உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரலை வைக்காமல் காற்றில் ஒவ்வொரு புள்ளியாக எண்ணினார். டைரக்டர் கலர் இல்லாததற்குக் காரணமாக மின்வாரியத்தை இழுக்க ஆரம்பித்தார். வியாபாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க, மூணாவது வரிசையில ஒண்ணு கொறையுதுங்களே."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஆமாம். மூன்றாவது வரிசையில், வலது ஓரத்துக்கு முன்னால், ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. புஷ்பவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை மாதமாக அந்தப் பிழை அங்கேயே இருந்திருக்கிறது. கொசுவுக்குள் ஒளிந்திருந்தது, பிறகு என் வெண்ணெய்க்குள் ஒளிந்திருந்தது. நான்தான் பாடுபட்டு அதை வெளியே கொண்டுவந்து, வரக்கூடாத நேரத்தில், பார்க்கக்கூடாத ஆளுக்குக் காட்டியிருக்கிறேன். டைரக்டர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. "மிசின் பழசுங்க, இந்த மெக்கானிக் காலையிலதான்..." என்று தொடங்கினார்.

"மிசின் தப்பு இல்லங்கய்யா" என்றாள் புஷ்பவல்லி. "நான் போட்ட கணக்குல தப்பு. ஒரு நிமிசம் குடுங்க."

சந்தனம் ஒட்டிய எழுத்துகளை இரண்டு தடவை குத்திக் குத்தி அழுத்தினாள். திரை வெறுமையானது. மறுபடி வரிசை வரிசையாகப் புள்ளிகள் இறங்கின. மூன்றாவது வரிசை முழுதாக வந்தது.

வியாபாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"முடிச்சுப் போட்டு, சாயம் தோச்சு, காயவச்சு அவுத்த பொறவுதானுங்க எனக்கு இந்தத் தப்பு தெரியும். அதுக்குள்ள அம்பது புடவை முடிஞ்சிருக்கும். இந்தப் பொண்ணு துணியில கை வைக்கிறதுக்கு முன்னாலயே காட்டுது. நேத்து வரைக்கும் கோடுன்னாங்க, இன்னைக்குப் புள்ளி தெரியுது, புள்ளி இல்லாததும் தெரியுது."

"கலர் அடுத்த தடவை ஏற்பாடு பண்ணிரலாங்க" என்றார் டைரக்டர்.

"கலர் எனக்குத் தெரியுமுங்க. சாயப்பட்டறை என்னுதுதான்" என்று எழுந்துகொண்டார். திங்கட்கிழமை புஷ்பவல்லி மில்லுக்குப் போகவில்லை. வியாபாரியின் டிசைன் நோட்டோடு சென்டருக்கு வந்தாள். வீடியோக்காரர் அன்று சாயங்காலமே மானிட்டரோடு போய்த் தாலியைக் கட்டி முடித்தார். பிறகு அதே மாதிரி ஒன்றைப் பழசாகத் தேடி சென்டருக்கு நான் வாங்கிக் கொடுத்தேன்.

என் கண்டன்சர் வைத்தியத்தை அன்றோடு விட்டேன் என்று முடித்தால் கட்டுரை அழகாக இருக்கும். விடவில்லை. வீடுகளில் அதைத்தான் கேட்டார்கள், வைத்துக் கொடுத்தேன். ஆனால் வைப்பதற்கு முன்னால், இந்தத் திரையில் இவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். நாடகம் பார்ப்பவர்களுக்கு வெண்ணெய் போதும்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, சுவரில் மாட்டுகிற தட்டை டிவி நம் ஊருக்கு வந்த சமயம், புஷ்பவல்லி கூப்பிட்டு அனுப்பினாள். இப்போது சின்னாளப்பட்டியில் அவளுக்குச் சொந்த டிசைன் கூடம். சென்டர் மூடியபோது அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஒன்றை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள், டிசைன் கேசட்டுகள் எல்லாம் அதில்தான் ஓடும் என்பதால். கடையில் இருந்து புது டிவியைக் கொண்டுவந்து மாட்டிய விற்பனையாளர் மினுமினுக்கும் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பழைய கம்ப்யூட்டரில் இருந்து ஒயர் கொடுத்திருந்தார்கள். திரையில் சுங்குடி ஒன்று வழுவழுவென்று இருந்தது.

"புது டிவி எது வந்தாலும் முதல்ல இந்த டிசைனைத்தாண்ணே போடுவேன்" என்றாள். எது என்று எனக்குத் தெரிந்தது. அவள் சரி செய்ததை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, சரி செய்யாததைக் கேசட்டில் அப்படியே பத்திரமாக வைத்திருந்தாள்.

விற்பனையாளர் பக்கம் திரும்பினாள். "தம்பி, இதுல ஒரு புள்ளி இல்ல. எங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "எல்லாம் இருக்கே மேடம். சூப்பரா இருக்கு" என்றார்.

புஷ்பவல்லி சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "அண்ணே, இதுக்குள்ளயும் நீங்க உக்காந்திருக்கீங்க."

நான் ரிமோட்டை வாங்கினேன். படத்தை மென்மையாக்கும் வசதி என்று மெனுவில் ஒன்று இருந்தது. கடைக்காரர்கள் அதைத்தான் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். அதை அணைத்தேன். மூன்றாவது வரிசையில், வலது ஓரத்துக்கு முன்னால், அந்தப் புள்ளி இல்லாமல் இருந்தது.